முட்டி வலியோடு நடந்தால் மூளைக்குப் பலன் உண்டா?

கேள்வி: எனக்கு 62 வயது. அம்மாவுக்கு 75 வயதுக்கு மேல் மறதி நோய் வந்து, கடைசியில் என்னையே யாரென்று கேட்டார். எனக்கும் வந்துவிடுமோ என்று பயம். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். முட்டி வலியும் உண்டு. நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறேனே, போதாதா? தனியாக நடக்கத்தான் வேண்டுமா?

பதில்: முதலில் அந்தப் பயத்தைப் பேசிவிடுவோம். அம்மாவுக்கு முதுமையில் வந்ததால் உங்களுக்கான வாய்ப்பு ஓரளவு கூடுகிறது, அவ்வளவுதான். வந்தே தீரும் என்பதில்லை. பரம்பரையாகக் கட்டாயம் தொடரும் வகை மிக அரிது. அது பெரும்பாலும் 60 வயதுக்கு முன்பே தலைகாட்டிவிடும். நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களை, லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் 2024இல் பட்டியலிட்டது. அவற்றையெல்லாம் சரிசெய்தால் ஏறக்குறைய 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணிப்பு. உடலுழைப்புக் குறைவு அதில் ஒன்று. பிரஷரும் சர்க்கரையும்கூட அதில் இருக்கின்றன. நடை இவற்றையும் சேர்த்துக் கவனித்துக்கொள்ளும்.

வீட்டு வேலைக்கு வருவோம். வாளி நிறையத் தண்ணீரோடு மாடிப்படி ஏறுவதும், வீடு முழுக்க அழுத்தித் துடைப்பதும் கணக்கில் சேரும். அடுப்படியில் மூன்று மணி நேரம் நிற்பது சேராது. காலும் இடுப்பும் கடுக்கும், ஆனால் இதயத் துடிப்பு ஏறியிருக்காது. மூளைக்கு வேண்டியது அந்த ஏற்றம்தான். நடக்கும்போது பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட மூச்சு போதக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

அமெரிக்காவில் 120 முதியவர்களை வைத்து நடந்து, 2011இல் வெளியான ஓர் ஆய்வை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பாதிப் பேர் வாரம் மூன்று நாள் நடந்தார்கள், மீதிப் பேர் கைகால் நீட்டும் பயிற்சி செய்தார்கள். ஓராண்டு கழித்து, நடந்தவர்களுக்கு நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி 2 சதவீதம் வளர்ந்திருந்தது, மற்றவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. நினைவாற்றல் சோதனையில் இரு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் வயதானால் மூளை சுருங்கத்தான் செய்யும் என்று விட்டுவிடத் தேவையில்லை என்ற நம்பிக்கையை எனக்குத் தந்தது அந்த ஆய்வு.

உங்களுக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. அவர்கள் முதல் வாரம் ஒரு தடவைக்கு 10 நிமிடம்தான் நடந்தார்கள். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி, ஏழாவது வாரம்தான் 40 நிமிடத்தைத் தொட்டார்கள். நீங்களும் அப்படியே தொடங்குங்கள். முட்டி ஒரே மூச்சில் ஒத்துழைக்காவிட்டால் காலை, மதியம், மாலை என்று பிரித்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். அங்கே மெல்லப் போய்ச் சேர்ந்தால் போதும்.

முட்டி வலிக்காரர்கள் நடையை நிறுத்துவதுதான் எனக்குப் பெரிய கவலை. நடக்காவிட்டால் தொடைத் தசை மெலியும். அப்புறம் முழுப் பாரமும் மூட்டிலேயே இறங்கும். சுவரோரமாக உறுதியான நாற்காலி போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். பத்து முறை, வாரத்தில் இரண்டு மூன்று நாள். முடியாவிட்டால் ஆரம்பத்தில் கையை ஊன்றிக்கொள்ளலாம். சமதளத்தில், மெத்தென்ற ஷூ போட்டு நடங்கள். வெறும் ரப்பர் செருப்பு வேண்டாம். நடந்த பிறகு கொஞ்சம் வலித்து அடங்கினால் தொடரலாம். மறுநாளும் வலித்தாலோ முட்டி வீங்கினாலோ நேரத்தைக் குறையுங்கள். ஸ்டேஷனரி சைக்கிளும் நல்ல மாற்று.

தொடங்கும் முன் பிரஷர் கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நடக்கையில் நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ உடனே நின்று, மருத்துவரைப் பாருங்கள்.

இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. மறதி நோய் ஏற்கெனவே வந்தவர்களுக்குக் கடினமான உடற்பயிற்சி கொடுத்த ஓர் ஆய்வு 2018இல் இங்கிலாந்தில் வெளியானது. உடல் வலு கூடியது, மறதி முற்றுவது குறையவில்லை. 62 வயதில் கேட்டிருக்கிறீர்கள், நல்ல நேரம். அப்படியே காதையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள், கேட்கும் திறன் குறைவதும் முதலில் சொன்ன லான்செட் பட்டியலில் இருக்கிறது.