பனி, கலவை, மழை, மறுபடி உறைநிலை: இந்த முன்னறிவிப்பை எப்படிப் படிப்பது?

கேள்வி: வேலைக்காக இந்த ஆண்டுதான் குளிர் நாடு ஒன்றுக்குக் குடிவந்தோம். "வியாழன் காலை பனிப்பொழிவு, நண்பகலில் கலவை, மாலையில் மழை, நள்ளிரவுக்குப் பின் வெப்பநிலை சரியும், வெள்ளி காலை வெயில். அதிகபட்சம் 3 டிகிரி, குறைந்தபட்சம் மைனஸ் 8" என்று முன்னறிவிப்பு வந்திருக்கிறது. இரண்டு நாளும் 40 கிலோமீட்டர் காரோட்டி வேலைக்குப் போயாக வேண்டும். போன வாரம் 10 செ.மீ. பனி விழும் என்றார்கள், வெறும் மழைதான் பெய்தது. இதை எவ்வளவு நம்புவது? எந்த நேரத்தில் கிளம்புவது?

பதில்: வியாழன் காலை விழப்போகும் பனியைவிட, வெள்ளி காலை அடிக்கப்போகும் வெயிலுக்குத்தான் நீங்கள் அதிகம் பயப்பட வேண்டும். அதற்கு அடுத்தபடியாக, "கலவை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்ட அந்த நண்பகல் நேரத்துக்கு. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் சொல் பிரச்சினை ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். முன்பனி, பின்பனி என்று பருவத்துக்கே பெயர் வைத்தவர்கள் நாம். ஆனால் அந்தப் பனி புல்லில் படியும் ஈரம். வானத்திலிருந்து பஞ்சாக விழுவதும், கல்லாகத் தெறிப்பதும், சாலையில் கண்ணாடியாக இறுகுவதும் வேறு வேறு. எல்லாவற்றுக்கும் பனி என்றே சொல்லிக்கொண்டிருந்தால் முன்னறிவிப்பு புரியாது.

குளிர் நாடுகளில் குளிர்காலத்து மழை பெரும்பாலும் மேகத்தில் பனிச்செதில்களாகத்தான் பிறக்கிறது. கீழே இறங்கும் வழியில் அதற்கு என்ன நேர்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வழி முழுக்கக் குளிராக இருந்தால் செதிலாகவே வந்து சேரும். ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் பூஜ்யத்துக்கு மேற்பட்ட சூடான காற்று ஓர் அடுக்காகப் புகுந்துவிட்டால் கதை மாறுகிறது. அந்த அடுக்கின் உச்ச வெப்பநிலை 1 டிகிரிக்குக் குறைவு என்றால் செதில் பெரும்பாலும் தப்பிவிடும். 1 முதல் 3 டிகிரி வரை என்றால் பாதி உருகி, கீழுள்ள குளிர்காற்றில் மறுபடி உறைந்து, சின்னச் சின்ன ஐஸ் மணிகளாகக் கண்ணாடியில் தட்டும். 3 டிகிரியைத் தாண்டினால் முழுவதும் உருகிவிடும். தரையை ஒட்டிய குளிர் அடுக்கு மெல்லியதாக இருந்தால் அந்தத் துளிக்கு மறுபடி உறைய நேரம் கிடைக்காது. பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்தும் திரவமாகவே வந்து, சாலை, மரக்கிளை, மின்கம்பி எதைத் தொட்டாலும் தொட்ட இடத்திலேயே உறையும். இதுதான் ஃப்ரீசிங் ரெயின் எனப்படும் உறைமழை. செதில், ஐஸ் மணி, உறைமழை, மழை இவை கலந்தோ மாறி மாறியோ வருவதைத்தான் முன்னறிவிப்பில் "கலவை" என்கிறார்கள். இவற்றில் மிக ஆபத்தானது உறைமழை. பார்த்தால் சாதாரணத் தூறல் போலவே இருக்கும் என்பதுதான் வம்பு.

உங்கள் முன்னறிவிப்பில் நான் முதலில் பார்ப்பது எண்களை அல்ல, வரிசையை. பனியில் தொடங்கி, கலவையாகி, மழையில் முடிகிறது என்றால் மேலே சூடான காற்று ஏறி வருகிறது என்று பொருள். சூடான காற்று லேசானது, கனத்த குளிர்காற்றைத் தள்ளாமல் அதன் முதுகில் ஏறிப்போகும். தரையில் குளிர் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும், பள்ளத்தாக்குகளில் இன்னும் அதிக நேரம். அதனால் இந்த வரிசையில் பனிக்கும் மழைக்கும் நடுவே உறைமழை தலைகாட்ட வாய்ப்பு அதிகம். மழையில் தொடங்கிப் பனியில் முடியும் வரிசையில் குளிர்காற்று ஆப்பு மாதிரி கீழே நுழைந்து சூட்டைத் தூக்கி எறிகிறது. அங்கே ஈரச் சாலை திடீரென உறைவதுதான் கவலை. உங்களுக்கு வியாழன் பகலில் முதல் வகை, இரவில் இரண்டாவது. ஒரே நாளில் இரண்டும் வாய்த்திருக்கிறது!

நண்பகல் உறைமழை எவ்வளவு நேரம் நீடிக்கும்? துளி உறையும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த வெப்பம் தரையோரக் காற்றை மெல்ல மெல்லப் பூஜ்யத்துக்கு உயர்த்தும். அதனால் பல நேரம் உறைமழை தன்னைத்தானே முடித்துக்கொண்டு வெறும் மழையாகிவிடும். புதிதாகக் குளிர்காற்று வந்து சேர்ந்துகொண்டே இருந்தால்தான் ஆபத்து நீளும். 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக், ஒன்டாரியோ பகுதிகளில் அதுதான் நடந்தது. செயின்ட் லாரன்ஸ் பள்ளத்தாக்கு வழியாகக் குளிர்காற்று விடாமல் வந்தது, மேலே சூடும் ஈரமும் விடாமல் வந்தன. நாள்கணக்கில் உறைமழை பெய்து, இரும்பாலான மின்கோபுரங்களே ஐஸின் பாரத்தில் மடங்கி விழுந்தன. உங்களுக்கு அதிகபட்சம் 3 டிகிரி என்று போட்டிருப்பதால் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் ஒரு மணி நேர உறைமழையே ஒரு விபத்துக்குப் போதும். மணிக்கு மணி முன்னறிவிப்பில் வெப்பநிலை 0-ஐத் தாண்டும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய இரண்டு மணி, பிந்தைய ஒரு மணி நேரத்துக்குச் சாலையில் இருக்காதீர்கள். இந்தக் கணக்கு என் அனுபவத்தில் வந்தது, விதி ஒன்றும் இல்லை.

சரி, போன வாரம் ஏன் ஏமாந்தீர்கள்? 10 மி.மீ. தண்ணீர் மழையாக விழுந்தால் சாலை நனையும், அவ்வளவுதான். அதே தண்ணீர் பனியாக விழுந்தால் ஏறத்தாழ 10 செ.மீ. உயரம் நிற்கும். ஈரப்பனி என்றால் அதில் பாதிதான், நல்ல குளிரில் விழும் உலர்பனி என்றால் 15 செ.மீ.க்கு மேலும் போகும். தண்ணீரின் அளவை வானிலையாளர் சரியாகவே கணித்திருக்கலாம். மேலே எங்கோ ஒரு டிகிரி பிசகினால் 10 செ.மீ. என்பது பூஜ்யமாகிவிடும். எங்கள் தொழிலில் கோடையில் ஒரு டிகிரி தவறை யாரும் கவனிப்பதில்லை, குளிர்காலத்தில் அதே ஒரு டிகிரிக்கு ஊரே திட்டும். போதாததற்கு, கனமாகப் பெய்தால் உருகும் செதில்களே சுற்றியுள்ள காற்றைக் குளிர்வித்து, 2 டிகிரியில் பெய்துகொண்டிருந்த மழையைப் பனியாக்கிவிடும். ஆகவே நாள் முழுக்க வெப்பநிலை 0-க்கும் 2-க்கும் இடையில் ஊசலாடுகிறது என்றால் செ.மீ. கணக்கை நம்பித் திட்டம் போடாதீர்கள். மைனஸ் 6-இல் பனி என்று சொன்னால் அது மழையாக மாற வாய்ப்பு மிகக் குறைவு, அங்கே அளவு வேண்டுமானால் கூடக் குறைய இருக்கும்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருவோம். மாலை மழை இரண்டு வேலை செய்யும்: விழுந்த பனியைச் சேறாக்கும், ஐஸை உருக்கச் சாலையில் தூவிய உப்பைக் கழுவிக்கொண்டு போகும். பிறகு மைனஸ் 8. வண்டித் தடம் பதிந்த சேறு காலையில் பாறையாகியிருக்கும். மெல்லிய நீர்ப்படலம் பிளாக் ஐஸ் எனப்படும், சாலையின் கறுப்பே தெரியும் கண்ணாடி ஐஸ் ஆகியிருக்கும், மேலே வெயில் அடிக்கும்போது அது ஈரச் சாலை மாதிரியே தெரியும். இதில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: மழை நிற்கும் நேரத்துக்கும் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும் நேரத்துக்கும் உள்ள இடைவெளி. நடுவில் நாலைந்து மணி நேரம் நல்ல காற்று வீசினால் சாலை பெருமளவு காய்ந்துவிடும். இடைவெளி ஒரு மணி நேரம்தான் என்றால், அல்லது மழை கடைசியில் பனியாக மாறி முடிகிறது என்றால், வெள்ளி காலை தாமதமாக வருகிறேன் என்று வியாழனே சொல்லிவிடுங்கள். உப்பு போடும் வண்டிகள் ஓடினாலும் மைனஸ் 8-இல் சாதாரண உப்பு மெதுவாகத்தான் வேலை செய்யும். வெயில் ஏறிப் பத்து மணிக்குக் கிளம்புவது ஏழு மணிக்குக் கிளம்புவதைவிட எவ்வளவோ மேல்.

காரில் தெரியும் 2 டிகிரியை நம்பி வேகம் எடுக்காதீர்கள். அது காற்றின் வெப்பநிலை. முன்னறிவிப்பில் வரும் எண்ணும் தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரத்தில் நிழலில் அளக்கப்படுவதுதான். மேகமில்லாத இரவில் சாலை அதைவிடச் சில டிகிரி குளிர்ந்திருக்கும். பாலங்களுக்கு மேலும் கீழும் காற்று என்பதால் அவைதான் முதலில் உறையும், நிழல் விழும் வளைவுகள் கடைசியில் உருகும்.

"உணரும் வெப்பநிலை மைனஸ் 20" என்று எழுதியிருந்தால் பதற வேண்டாம். மைனஸ் 10-இல் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால் நம் தோலுக்கு அப்படித் தோன்றும், சாலைக்கும் காருக்கும் அது மைனஸ் 10 மட்டுமே. குழந்தைகளின் காதையும் விரலையும் மூட மட்டும் மறக்காதீர்கள். அதேபோல, மழை வாய்ப்பு 60 சதவீதம் என்றால் ஊரின் 60 சதவீதத்தில் பெய்யும் என்றோ நாளில் 60 சதவீத நேரம் பெய்யும் என்றோ அர்த்தமில்லை. நீங்கள் நிற்கும் இடத்தில் அந்த நேரத்துக்குள் அளக்கும்படி மழை விழ பத்துக்கு ஆறு வாய்ப்பு, அவ்வளவே.

இரண்டு நாள் முன்னதாக முன்னறிவிப்பில் வரிசையை மட்டும் பாருங்கள், மணிக்கணக்கைப் புதன் இரவும் வியாழன் காலையும் பார்த்தால் போதும். ஜன்னலைத் திறந்து காற்றையும் கவனியுங்கள். வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம், அதாவது இந்தப் பனியையும் மழையையும் கொண்டுவரும் அமைப்பின் மையம், உங்கள் இடப்பக்கம் இருக்கும். அது நகர நகரக் காற்றின் திசையும் மாறும். தென்கிழக்கிலிருந்து வீசிய காற்று தெற்குக்குத் திரும்பினால் சூடு வந்து சேர்ந்துவிட்டது, வடமேற்குக்குத் திரும்பினால் குளிர் கிளம்பிவிட்டது. முன்னறிவிப்பில் சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி முன்பே காற்று திரும்பிவிட்டால், மற்றதும் முந்திவிடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன வேலை. வியாழன் மாலை மழை விட்டதும், களைப்பாக இருந்தாலும், வாசலிலும் கார் நிற்கும் இடத்திலும் உள்ள சேற்றுப்பனியை அப்போதே தள்ளிவிடுங்கள். இரவில் பத்து நிமிடத்தில் முடியும் அந்த வேலைக்குக் காலையில் கடப்பாரை கேட்கும்.