கட்டியை எடுத்த பிறகும் வலிப்பு மாத்திரை எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. இரண்டு முறை வலிப்பு வந்து, ஸ்கேனில் மூளை உறையில் மெனிஞ்சியோமா என்ற கட்டி இருப்பது தெரிந்து, நான்கு மாதம் முன்பு ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பிறகு வலிப்பு வரவில்லை. வலிப்புக்கு லெவெடிராசெட்டம் 500 மி.கி. மாத்திரை இரண்டு வேளை சாப்பிடுகிறார். கட்டிதான் போய்விட்டதே, நிறுத்திவிடலாமா? மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுகிறார்.
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: இப்போது நிறுத்தாதீர்கள். வலிப்பு கிளம்புவது கட்டிக்குள்ளிருந்து அல்ல, அது அழுத்திப் புண்படுத்திய மூளையின் மேற்பரப்பிலிருந்து. அங்கே நீர்வீக்கம் வடிய மாதக்கணக்காகும், தழும்பும் மிஞ்சலாம்.

அதற்காகக் கலங்க வேண்டாம். அம்மாவைப் போல ஆபரேஷனுக்கு முன்பே வலிப்பு வந்தவர்களில் 10-க்கு ஏறக்குறைய 7 பேருக்கு அது பிறகு நின்றுவிடுகிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'சிம்ப்சன் கிரேடு' என்று ஓர் எண் இருக்கிறதா பாருங்கள். 1 என்றால் கட்டியோடு அது ஒட்டியிருந்த உறையும் எடுபட்டது; 4 என்றால் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மிச்சம் இருந்தாலோ, பழைய எம்.ஆர்.ஐ.யில் கட்டியைச் சுற்றி வீக்கம் அதிகம் இருந்திருந்தாலோ கூடுதல் கவனம் தேவை.

பொதுவாக இரண்டு ஆண்டு வலிப்பே வராமல் இருந்தால், எம்.ஆர்.ஐ., ஈ.ஈ.ஜி. (மூளையின் மின்னலைப் பதிவு) பார்த்துவிட்டு, சில வாரங்களுக்கு ஒருமுறை 250 மி.கி. வீதம் டாக்டர் குறைப்பார். திடீரென்று விட்டால் வலிப்பு நிற்காமல் தொடர்ந்து வந்து ஐ.சி.யூ. வரை கொண்டுபோகலாம். வேண்டுமென்றே நிறுத்துபவர்களைவிட மறந்து விடுபவர்கள்தான் அதிகம்: தீபாவளிக்கு இரவு பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது மாத்திரை லக்கேஜுக்குள் போய்விடும், தூக்கமும் கெடும். இரண்டும் சேர்ந்தால் போதும், வலிப்பு வர. கைப்பையில் ஒரு மாத்திரை அட்டை எப்போதும் இருக்கட்டும்.

எரிச்சல் இந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு. அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்து உண்டு. புதியதை ஏற்றிக்கொண்டே பழையதை இறக்குவார்கள். 'உயிரோடு இருந்து என்ன பயன்' என்கிற மாதிரி பேசினால் அன்றைக்கே கூட்டிப்போங்கள்.

கேள்வி: வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுக்கலாமா?
– வாசகர், விவேக் நகர், பெங்களூரு

பதில்: பயனில்லை. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானே நின்றுவிடும். சாவியால் நின்றதாகத் தோன்றும், அவ்வளவுதான். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். வாயில் ஸ்பூன், துணி, தண்ணீர் எதுவும் கூடாது. கையைக் காலை அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் மறுபடி வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். வலிப்பை நிறுத்தும் மிடாசோலம் மூக்கு ஸ்ப்ரேயை டாக்டர் எழுதித் தந்திருந்தால், அவர் சொன்ன அளவை அப்போதே அடியுங்கள்.