மாணவர்களே நடத்தும் கிளினிக்கில் மருத்துவ மாணவர்கள் என்ன கற்கிறார்கள்?

மாணவர்களே வைத்தியம் பார்த்துவிடுவார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இளைய மாணவர் விவரம் கேட்பார், மூத்தவர் பரிசோதிப்பார், பிறகு மேற்பார்வை டாக்டரிடம் எடுத்துச் சொல்வார்கள். அவர் நோயாளியைப் பார்த்த பிறகே மருந்துச் சீட்டு.

கற்றல் நடப்பது அப்படி எடுத்துச் சொல்லும்போதுதான். 'பிரஷர் 160' என்றால் டாக்டர் விடமாட்டார். பிரஷர் பார்க்கக் கையில் கட்டிய பட்டை சரியான அளவா? பருமனான கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் கூடுதலாகவே காட்டும். நோயாளி 5 நிமிடமாவது அமைதியாக உட்கார்ந்திருந்தாரா? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? திரும்பப் போய்ப் பொறுமையாகக் கேட்டால்தான், காசில்லாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறார் என்பது தெரியவரும். வகுப்பில் எவ்வளவு சொன்னாலும் இது இப்படி மனதில் பதியாது.

மருந்து இருப்பு, பதிவேடு எல்லாமும் மாணவர் பொறுப்பே. மாணவர்கள் மாறிக்கொண்டே இருப்பதால், குறிப்பைத் தெளிவாக எழுதிவைப்பது மிக முக்கியம்.