“அடுத்து என்ன மேடம்?” என்று கேட்க வைக்காத ஆன்லைன் பாடம்

கேள்வி: பி.காம். முதலாண்டுக்கான கணக்குப்பதிவியல் பாடத்தை மூடுல் (Moodle) என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் ஏற்றியிருக்கிறேன். வீடியோ, குறிப்பு எல்லாம் இருந்தும் ஒவ்வொரு கணக்குக்கும் மாணவர்கள் வாட்ஸ்அப்பில் வந்து நிற்கிறார்கள். தாங்களாகவே செய்ய வைப்பது எப்படி?

பதில்: இது சோம்பல் அல்ல. வீடியோவில் முழுக் கணக்கும் போடப்படுகிறது. பயிற்சியில் வெறும் தாள் நீட்டப்படுகிறது. நடுவில் படியே இல்லாததால்தான் உங்களிடம் வருகிறார்கள்.

நம் ரொக்க ஏட்டு இருப்பும் வங்கி தரும் செல்லேட்டு (பாஸ்புக்) இருப்பும் ஏன் வேறுபடுகின்றன என்று காட்டும் வங்கிச் சரிகட்டும் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். ரொக்க ஏட்டு இருப்பு 10,000 ரூபாய். கொடுத்தும் வங்கிக்கு வராத காசோலை 2,000, கூட்டல். வங்கியில் போட்டும் வரவாகாத காசோலை 1,500, கழித்தல். வங்கிக் கட்டணம் 100, கழித்தல். செல்லேட்டு இருப்பு 10,400. முதல் கணக்கில் ஒவ்வொரு வரிக்கும் காரணத்தோடு முழுவதையும் கொடுங்கள். இரண்டாவதில் தொகைகளை மாற்றிக் கடைசி வரியைக் காலியாக விடுங்கள். மூன்றாவதில் கடைசி இரண்டு வரிகள். நான்காவதில் விவரம் மட்டும். முதல் வரியைக் காலியாக விட்டால் அங்கே விழும் பிழை கடைசிவரை ஓடும். அதனால்தான் கீழிருந்து மேலே போகச் சொல்கிறேன்.

காலி இடத்தில் தொகையை மட்டும் கேட்காதீர்கள். ஏன் கூட்டினாய், ஏன் கழித்தாய் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். குறியை மனப்பாடம் செய்தவர்கள், செல்லேட்டு இருப்பிலிருந்து தொடங்கும் கணக்கு வந்ததும் தடுமாறுவது இங்கேதான்.

மூடுலின் வினாடி வினாவில் பலமுறை முயலும் முறையைத் (Interactive with multiple tries) தேர்ந்தெடுங்கள். இயல்பாக உள்ள முறையில் உதவிக் குறிப்புகள் (Hint) மாணவருக்குத் தெரியாது. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு குறிப்பு எழுதினால் மூன்று வாய்ப்பு கிடைக்கும். முதல் குறிப்பு ஒரு கேள்வியாக இருக்கட்டும்: “இந்தக் காசோலை யாருடைய ஏட்டில் இன்னும் ஏறவில்லை?” இரண்டாவது, மாதிரிக் கணக்கில் எந்த வரியைப் பார்ப்பது என்று காட்டட்டும். தவறான முயற்சிக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் தானாகவே குறையும். பயிற்சிக் கேள்விகளில் அதைப் பூஜ்யமாக்குங்கள். மதிப்பெண் போகும் என்ற பயமிருந்தால் முயன்று பார்க்காமல் உங்களைத்தான் கேட்பார்கள். அடுத்த பாடத்தை மதிப்பெண்ணால் பூட்டாதீர்கள்; முயன்று முடித்தாலே திறக்கட்டும்.

விடைத்தாளையும் கொடுத்துவிடுங்கள். தங்கள் பிழையைச் சிவப்பில் குறித்து, காரணம் எழுதி அனுப்புவதற்கு மதிப்பெண் வையுங்கள்.

தேதி, இணைப்பு பற்றிய சந்தேகத்துக்கு உடனே பதில் சொல்லுங்கள். கணக்குச் சந்தேகத்தைப் பாடத்தின் விவாதப் பகுதிக்கு மாற்றி, சக மாணவர்கள் பதில் சொல்ல ஒரு நாள் விடுங்கள். பிறகும் தீராவிட்டால், “எந்த வரிவரை சரியாக வந்தது?” என்று கேட்டு அங்கிருந்து தொடங்குங்கள்.