லட்டும் சட்டையும்

கேள்வி: ஆயுதத்தைக் கைப்பற்ற அழைத்துப் போன இடத்தில் ரவுடி போலீஸையே வெட்ட வருகிறான். திருப்பிச் சுட்டால், சுட்ட போலீஸ்காரர் மீது எஃப்.ஐ.ஆர்., விசாரணை என்கிறார்கள். லட்டு கொடுத்துப் பாராட்ட வேண்டியவரை இப்படி அலைக்கழிப்பது என்ன நியாயம்?
– ‘நேர்மை விரும்பி’, பெரம்பலூர்

பதில்: லட்டு என்றீர்களே, அங்கேயே நிற்கிறேன்.

அந்த இனிப்பு ஒருமுறை ஹைதராபாதில் கொடுத்தாகிவிட்டது. 2019 டிசம்பர் 6. கால்நடை மருத்துவர் கொலை வழக்கில் பிடிபட்ட நான்கு பேரை ஷாத்நகர் பக்கம் சட்டான்பள்ளியில் விடியற்காலையில் சுட்டுக் கொன்ற செய்தி வந்ததும் இனிப்பு வழங்கினார்கள், பட்டாசு வெடித்தார்கள், போலீஸார் மேல் பூ தூவினார்கள், கையில் ராக்கி கட்டினார்கள். பிஸ்டலைப் பறித்தார்கள், கண்ணில் மண்ணைத் தூவினார்கள், வேறு வழியில்லாமல் சுட்டோம் என்றது போலீஸ். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் அதை நம்பவில்லை. கொல்லும் எண்ணத்தோடுதான் சுட்டிருக்கிறார்கள், 10 போலீஸாரைக் கொலைக் குற்றத்துக்கு விசாரிக்க வேண்டும் என்று எழுதியது. செத்த நால்வரில் மூன்று பேர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. அறிக்கை வெளியே வந்தது 2022 மே மாதம். பூ தூவியவர்களில் எத்தனை பேர் அந்தப் பத்துப் பேரின் வக்கீல் ஃபீஸுக்குப் பணம் கட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? முதல் நாள் லட்டு கொடுக்கிற கைதான் மூன்றாம் வருடம் அல்வா கொடுக்கிறது.

எஃப்.ஐ.ஆருக்கு வருகிறேன். உங்கள் கோபம் தேவையே இல்லை. ‘சுட்டவர் மீது எஃப்.ஐ.ஆர்.’ என்பது பெரும்பாலும் ஏட்டில்தான். நடைமுறையில் சுட்ட குழுவில் ஒருவரே புகார் கொடுப்பார். செத்துப்போனவர்தான் குற்றவாளி. கொலை முயற்சி, அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தல் என்று பிரிவுகள் விழும். பிறகு, ‘குற்றவாளி இறந்துவிட்டதால் மேல் நடவடிக்கை இல்லை’ என்று கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்துவிடுவார்கள். அலைக்கழிப்பு என்றால் பிணத்துக்குத்தான்.

இதைத் தடுக்கத்தான் 2014 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் 16 கட்டளைகள் போட்டது. மும்பையில் 1995 முதல் 1997 வரை நடந்த 99 என்கவுன்டர்கள், அதில் செத்த 135 பேர் பற்றிய வழக்கு அது. துப்புக் கிடைத்தால் புறப்படும் முன்பே எழுதி வைக்க வேண்டும். வேறு ஸ்டேஷன் அல்லது சி.ஐ.டி. விசாரிக்க வேண்டும், மேற்பார்வை பார்ப்பவர், சுட்ட குழுவின் தலைவரைவிட ஒரு படியாவது மேலே இருக்க வேண்டும். ரத்தம் தோய்ந்த மண், முடி, நூல் எல்லாம் பத்திரப்படுத்த வேண்டும். மாவட்ட மருத்துவமனையில் இரண்டு டாக்டர்கள் பிரேதப் பரிசோதனை செய்து வீடியோ எடுக்க வேண்டும். இதுபோக, போலீஸ் காவலில் இருந்தவர் செத்திருந்தால் விசாரிக்க வேண்டியது வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ. அல்ல, நீதித்துறை நடுவர் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது.

இதெல்லாம் போலீஸுக்கு எதிரி என்று நினைக்கிறீர்கள். ஒரு சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சுடப்பட்டவர் போட்டிருந்த சட்டை. பிஸ்டல் குண்டு துணி வழியாகப் போனால், ஏறக்குறைய ஓர் அடி தூரத்துக்குள் என்றால் ஓட்டையைச் சுற்றிக் கரி படியும். இரண்டு மூன்று அடி வரை, வேகாத வெடிமருந்துத் துகள் புள்ளி புள்ளியாக ஒட்டும். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் தக்கபடி தூரம் கொஞ்சம் மாறும். அதனால்தான் அதே துப்பாக்கியை, அதே ரகத் தோட்டாவோடு, வெவ்வேறு தூரத்தில் சுட்டு ஒப்பிடுவார்கள். அரிவாளை ஓங்கிக்கொண்டு கைக்கெட்டும் தூரத்தில் வந்தான், சுட்டேன் என்று ஒரு எஸ்.ஐ. சொன்னால், அவருக்காகப் பேசப் போகிற முதல் சாட்சி அந்தச் சட்டைதான். ஆனால் என்ன நடக்கிறது? உயிர் இருக்கிறதா என்று பார்க்கிற அவசரத்தில் ஆஸ்பத்திரியில் கத்தரித்து மூலையில் எறிகிறார்கள். பல நேரம் கத்தரி ஓட்டை வழியாகவே போகும். மிஞ்சியதை ஈரத்தோடு பாலிதீன் பையில் சுருட்டுகிறார்கள். லேபுக்குப் போவதற்குள் பூஞ்சை பிடிக்கிறது. நிழலில் உலர்த்தி, மடிப்புக்கு நடுவே காகிதம் வைத்து, காகிதப் பையில் சீல் வைக்க எவ்வளவு செலவாகும்? கையில் ஒட்டிய வெடிமருந்துத் துகளும் அப்படியே. உயிரோடு இருக்கிறவர் கையில் சில மணி நேரம்தான் தங்கும், கழுவினால் போயிற்று. செத்தவர் கையை உடனே காகிதப் பையால் கட்டவில்லை என்றால், ‘அவன்தான் முதலில் சுட்டான்’ என்பதற்கு ஆதாரம் சவக்கிடங்குக் குழாயடியில் ஓடிப்போகும். உண்மையாகவே தற்காப்புக்குச் சுட்டவரும், நாடகம் போட்டவரும் அதன்பிறகு கோர்ட்டில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

தோட்டாக் கணக்கும் உண்டு. ஆயுத அறையிலிருந்து எத்தனை ரவுண்டு வாங்கினார், எத்தனை திருப்பினார், காலித் தோட்டா எத்தனை, எந்த இடத்தில் கிடந்தது. பதிவேட்டில் பிறகு பேனா மாறியிருந்தால், மாட்டுவது கையெழுத்துப் போட்ட காவலர். ‘முடிச்சுட்டு வா’ என்று போனில் சொன்ன பெரியவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. போலீஸுக்கு நியாயம் வேண்டும் என்கிறவர்கள் கேட்க வேண்டியது அந்த போன் விவரத்தைத்தான்.

அதே 16 கட்டளைகளில் காவலருக்கான வரிகளும் இருக்கின்றன. துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும், ஆனால் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற அரசியல் சாசனத்தின் 20ஆவது ஷரத்துக்கு உட்பட்டுத்தான். அவர் குடும்பத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும், வக்கீலும் மனநல ஆலோசனையும் தர முன்வர வேண்டும். இதைக் கேட்டு எந்தப் போலீஸ் ஆதரவாளரும் எனக்குக் கடிதம் எழுதியதில்லை. எல்லாரும் லட்டுதான் கேட்கிறார்கள்.

போகிற போக்கில் என் பழைய சந்தேகம் ஒன்று. இந்த ஆயுதங்கள் ஏன் விடியற்காலையில் மட்டும், முட்புதரில் மட்டும் ஒளிந்திருக்கின்றன? சாட்சியச் சட்டம் 27ஆவது பிரிவு, புதிய சட்டத்தில் 23: கைதி சொன்ன தகவலால் ஒரு பொருள் கிடைத்தால், அந்தத் தகவல் சாட்சியம் ஆகும். பத்து மணிக்கு, வெயிலில், டீ குடித்துவிட்டுப் போய் எடுத்தாலும் ஆகும். பொருளைக் கைப்பற்றியதை எழுதி வைக்கிற மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போட வி.ஏ.ஓ.வையும் தலையாரியையும் கூட்டிப் போவது நம்மூர் வழக்கம். அடுத்த முறை செய்தியைப் படிக்கும்போது, குண்டு பறந்த நேரத்தில் அந்த இரண்டு பேரும் எங்கே நின்றார்கள் என்று தேடிப் பாருங்கள். தலையாரி காதில் சத்தம்கூட விழுந்திருக்காது. பாவம், இன்னும் எழுந்திருக்கவே மாட்டார்.

மறுபடி லட்டு. உடனடிப் பதவி உயர்வு, சம்பவம் நடந்த கையோடு வீர விருது இரண்டும் கூடாது. வீரம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் உறுதியான பிறகே தரலாம் என்பதும் அந்தக் கட்டளைகளில் ஒன்று. நம் விசாரணை வேகத்துக்குப் பூந்தி லட்டு தாங்காது, பத்து நாளில் சிக்கு வாடை வந்துவிடும். ரவா லட்டுக்கும் அதே கதி. கொடுத்தே தீருவேன் என்றால் செட்டிநாட்டுப் பக்கம் சொல்லிப் பொருள்விளங்கா உருண்டை பிடிக்கச் சொல்லுங்கள். வறுத்த அரிசி, பயறு, வெல்லப் பாகு, சுக்கு, மாதக்கணக்கில் கெடாது. என்கவுன்டர் பத்திரிகைக் குறிப்புக்கு அதைவிடப் பொருத்தமான பெயரும் கிடையாது.