சர்வேயர் ஆனா கோர்ட்டுக்கு அலையணுமேன்னு பயப்படுற அம்மாவுக்கு

வணக்கம்மா. பையன் டிப்ளமோ சிவில் முடிச்சுட்டு சர்வே லைன்லதான் போவேன்னு பிடிவாதமா இருக்கான், ஊரான் வரப்புச் சண்டையில இவன் ஏன் கூண்டேறணும்னு கேட்டிருக்கீங்க. பயம் நியாயம்தான், ஆனா அந்தக் கூண்டுல நின்னு பதில் சொல்லத் தெரிஞ்ச சர்வேயருக்குத்தான் இந்தத் தொழில்ல பேரு, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

நம்ம ஊர்ல எப்படி நடக்குதுன்னா, பக்கத்து நிலக்காரன் ரெண்டடி தள்ளி வேலி போட்டுட்டான்னு கேஸ் போட்டா, சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 26 ரூல் 9 படி கோர்ட் ஒரு வக்கீலை, இடத்தை நேர்ல பாத்து ரிப்போர்ட் குடுக்குற கமிஷனரா போடும், அவருக்கு நிலம் அளக்கத் தெரியாதுல்ல, அதனால சர்வேயரைக் கூட்டிட்டுப் போவாரு. ரெண்டு தரப்பும் இருக்கும்போதே எஃப்எம்பி (சர்வே நம்பரோட அளவும் கல்லும் காட்டுற அரசு வரைபடம்), ஏ ரிஜிஸ்டர் (கிராமத்து நிலப் பதிவேடு), பத்திரம் எல்லாம் வச்சு அளந்து பிளான் போடுறது நம்ம ஆளு. எல்லைத் தகராறுல இப்படி அளந்து பாக்கணும்னு 2008-ல ஹரியானா வக்ஃப் போர்டு கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. அந்த பிளானுக்கு ஒரு தரப்பு ஆட்சேபணை போட்டா சர்வேயரைச் சாட்சியா கூப்பிடுவாங்க. இப்படி நிபுணர் கருத்தைக் கோர்ட் எடுத்துக்கிறதுக்கான சட்டம், முன்னாடி சாட்சியச் சட்டம் பிரிவு 45, 2024 ஜூலைல இருந்து பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 39.

குறுக்கு விசாரணைல என்ன கேப்பாங்கன்னா, எந்தக் கல்லுல இருந்து அளக்க ஆரம்பிச்சீங்க, அந்தக் கல்லு எஃப்எம்பில இருக்குற கல்லுதானா இல்ல யாராச்சும் பிடுங்கி நட்டதா, வேற ரெண்டு கல்லோட டேலி பண்ணிப் பாத்தீங்களா, இப்படித்தான். பழைய எஃப்எம்பி லிங்க்ஸ் கணக்குல இருக்கும், செயின் ஒண்ணுக்கு 66 அடி, அதுல 100 லிங்க், பத்திரம் அடில இருக்கும், டோட்டல் ஸ்டேஷன்ங்கிற அளக்குற மெஷின் மீட்டர்ல காட்டும். இந்த மாத்துற இடத்துலயே பல ரிப்போர்ட் படுத்துடுது. காரணம் சொல்லாம வெறும் முடிவை மட்டும் சொன்னா ஜட்ஜ் அதை ஏத்துக்கணும்னு கட்டாயமே இல்ல. அதனால ஃபீல்டு நோட்டு அன்னைக்கே ஸ்பாட்லயே எழுதணும், வீட்டுக்கு வந்து ஞாபகத்துல எழுதுனா மாட்டுவான். போன் ஜிபிஎஸ்ஸை நம்பி எல்லை சொல்றவங்களும் இருக்காங்க, அது பல மீட்டர் தள்ளிக் காட்டும்மா, ரெண்டடி சண்டைக்கு அதை எப்படி நம்புறது.

இன்னொண்ணு, நிலம் யாருக்குச் சொந்தம்னு சர்வேயர் சொல்லவே கூடாது, அது ஜட்ஜ் வேலை. பத்திரத்துல 5 சென்ட்னு இருக்கு, நாலு எல்லைக்குள்ள அளந்தா அஞ்சேகால் வருதுன்னா ரெண்டையும் காட்டிட்டு நிறுத்திக்கணும். பொதுவா கோர்ட் எல்லையைத்தான் பெருசா எடுத்துக்கும், ஆனா அதை முடிவு பண்றது இவன் இல்ல. அளக்கப் போற இடத்துல ஒரு தரப்பு வீட்டுல சாப்பிடுறது, அவங்க கார்ல ஏறுறது, இதெல்லாம் ஆரம்பத்துலயே வேண்டாம்னு சொல்லிப் பழக்குங்க, எதிர்த்தரப்பு வக்கீல் முதல்ல அதைத்தான் கேப்பாரு.

கோர்ட்ல சாட்சிக்குத் தர்ற பேட்டாவை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது, அதையும் மறைக்காம சொல்லிடுறேன். முதல்ல டிஎன்பிஎஸ்சி ஃபீல்டு சர்வேயர் போஸ்ட்டுக்குப் படிக்கட்டும், இல்லன்னா நல்ல பிரைவேட் சர்வேயர்கிட்ட சேர்ந்து டோட்டல் ஸ்டேஷன், டிஜிபிஎஸ் (துல்லியமா அளக்குற ஜிபிஎஸ் கருவி) ரெண்டும் கைல பழகட்டும். மேல படிக்கணும்னா கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் இருக்கு, அந்தக் காலேஜே 1794-ல சர்வே ஸ்கூலாத்தான் ஆரம்பிச்சுது. சாட்சி சொல்ற அளவுக்குப் பேர் வர வருஷக்கணக்காகும், அவசரப்படுத்தாதீங்க.

இப்போதைக்கு ஒரு வேலை குடுங்க. உங்க சொந்த நிலத்தோட எஃப்எம்பிய அரசு இசேவை சைட்ல டவுன்லோடு பண்ணி, கல்லு கல்லாத் தேடி அளந்து, எங்க சரியா வருது எங்க வரலன்னு காரணத்தோட ரெண்டு பக்கம் எழுதச் சொல்லுங்க. அதை எடுத்துட்டு வரட்டும், நான் உக்காந்து பாக்குறேன்.