உண்ணிக் காய்ச்சல் மாத்திரையும் தயிர்ச்சோறும்

உண்ணி கடித்து வந்த காய்ச்சலுக்காக உங்கள் நாய்க்கு டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையைத் தயிர்ச்சோற்றில் வைத்துக் கொடுப்பதாகவும், அது வாந்தி எடுப்பதாகவும் கேட்டிருந்தீர்கள். தயிர்ச்சோற்றை இன்றே நிறுத்துங்கள். டாக்சிசைக்ளினைப் பாலிலோ தயிரிலோ கொடுத்தால், அவற்றிலுள்ள கால்சியம் மருந்தோடு ஒட்டிக்கொண்டு உடலில் சேரும் அளவைக் குறைத்துவிடும். பத்து நாள் கொடுத்தும் காய்ச்சல் விடவில்லை என்கிறீர்களே, அதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

வாந்திக்குக் காரணம் பெரும்பாலும் வெறும் வயிறு. காலை ஆறு மணிக்கு ஓர் உருண்டைச் சோற்றில் மாத்திரை, ஒன்பது மணிக்குச் சாப்பாடு என்ற உங்கள் முறையை மாற்றுங்கள். கோழிச்சோறு பாதித் தட்டு உள்ளே போன பிறகு, ஈரல் துண்டுக்குள் மாத்திரையை வைத்துக் கொடுங்கள். உடனே தண்ணீரும் குடிக்கட்டும். உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் இந்த மாத்திரை அங்கேயே புண்ணாக்கிவிடும்.

விழுங்கியதா என்றும் பாருங்கள். எங்கள் காப்பகத்தில் ஒரு கிழட்டுப் பெண்நாயின் சாக்குக்கு அடியில் நான்கு மாத்திரைகள் ஊறி மஞ்சளாகக் கிடந்தன. நாங்களோ மருந்து பலிக்கவில்லை என்று கலங்கிக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து கன்னத்தின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்காமல் அடுத்த கூண்டுக்குப் போவதில்லை.

மூன்று நாள் இப்படிக் கொடுத்து, காலை மாலை ஆசனவாயில் வெப்பமானி வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். 102.5 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேலேயே நின்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஈறு வெளுத்தாலோ, மூக்கில் இரத்தம் வந்தாலோ, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ மூன்று நாள் காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் காட்டி, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். நீங்களாகப் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். நாய் நன்றாகச் சாப்பிடத் தொடங்கினாலும், மருத்துவர் சொன்ன 28 நாளும் மாத்திரை போயாக வேண்டும்.